பத்து நிமிஷம் கூட்டி வைத்த கடிகாரம்

என் மனைவி சுகந்தி ஆடி மாதம் இறந்துபோனாள். ஆனால் கார்த்திகை வரை அவள் வேலைக்கு வர வேண்டியிருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கோளாறு அவளுடைய லேப்டாப் கடிகாரத்தில்.

வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் கூட்டி வைப்போமில்லையா, அந்தப் பழக்கத்தில் லேப்டாப்பிலும் கூட்டி வைத்தாள். கம்பெனி பஸ்ஸைத் தவறவிடக் கூடாது. ஆனால் கூட்டி வைத்தது தெரியுமென்பதால் மனசு அதைக் கழித்துக்கொள்ளும். இன்னொரு பத்து நிமிஷம் கூட்டுவாள். அதுவும் பழகிவிடும். இப்படியே போய், அவள் சாகும்போது லேப்டாப்பில் கார்த்திகை நடந்துகொண்டிருந்தது.

இருவருக்கும் ஒரே ஆபீஸ். அங்கே புரோகிராமில் யார் கை வைத்தாலும் அவர் பெயரும் நேரமும் அதன் வரலாற்றில் ஏறிவிடும். நேரத்தை அவரவர் லேப்டாப்தான் சொல்லும். வரலாற்றின்படி சுகந்திக்குக் கார்த்திகை வரை வேலை இருந்தது. அதனால் காரியம் முடிந்த மறுநாள் வந்து தன் சீட்டில் உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இறந்துவிட்டதை அவளிடம் நானும் சொல்லவில்லை. அது ஹெச்.ஆர். வேலை.

மதியம் இருவருக்கும் சாப்பாடு கொண்டுபோவேன். எனக்கு எலுமிச்சை சாதம் ஒன்றுதான் வரும். உப்பு பத்தவில்லை என்பாள், மிச்சம் வைக்காமல் சாப்பிடுவாள். அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன்.

சாயங்காலம்தான் சிரமம். பஸ் டிரைவர் துரைக்கண்ணு அவளை ஏற்ற மாட்டார். வேலை முடியாதவர்களை ஏற்றக் கூடாது என்று உத்தரவாம். நான் மட்டும் ஏறுவேன். அவள் ஆபீஸ் ஜன்னலில் நின்று கையாட்டுவாள்.

புரட்டாசியில் மேனேஜர் ஜெபராஜ் என்னைக் கூப்பிட்டார். இன்னும் வராத தேதியில் வேலை நடந்திருப்பதை வெளிநாட்டு கிளையன்ட் கண்டுபிடித்துவிட்டாராம். சுகந்தியின் தேதிகளையெல்லாம் இன்றைக்கே சரிசெய்து ஆடிக்குள் அடக்க வேண்டுமாம். வரலாற்றைத் திருத்தும் அனுமதி என்னிடம் மட்டும்தான் இருந்தது. கார்த்திகை வரை விடக் கூடாதா என்று கெஞ்சினேன். மேலே கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் காரிடாரில் நடந்தார். காரிடார் நீண்டுகொண்டே போனது. திரும்பி வந்தபோது அவர் தாடி நரைத்திருந்தது.

“முடியாதாம்,” என்றார். “நீங்களே பண்ணிடுங்க. வேற ஆள் பண்ணா நல்லா இருக்காது.”

சுகந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். கார்த்திகை போனது. அவள் நாற்காலியில் சொட்டிக்கொண்டிருந்த குடை காய்ந்தது. ஐப்பசி போனது. தீபாவளிக்கென்று எனக்கு எடுத்துவைத்திருந்த அதிரச டப்பா காலியானது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

“என்ன பண்றீங்க?”

“தேதி சரி பண்றேன்.”

“என்னோடதா?”

“ஆமா.”

“ரொம்ப முந்திட்டேனா?”

கொஞ்சம்தான் என்று கையால் காட்டினேன்.

புரட்டாசி போனது. ஆவணி போனது. சேர்ந்து சாப்பிட்ட மதியங்களும் அதோடு போயின. எனக்குப் பயங்கரமாகப் பசித்தது.

ஒரே ஒரு தேதி பாக்கி. அதையும் ஆடிக்குத் தள்ளிவிட்டால் தீர்ந்தது. அப்போது துரைக்கண்ணு மாடியேறி வந்தார். அவர் பஸ்ஸை விட்டு இறங்கி நான் பார்த்ததே இல்லை.

“சுகந்தி மேடம், இன்னிக்கு பஸ் லிஸ்ட்ல உங்க பேரும் வந்திருக்கு. கீழ வாங்க.”

நானும் எழுந்தேன்.

“நீங்க அடுத்த பஸ்ல வாங்க சார்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த பஸ் எப்போது என்று அவர் சொல்லவில்லை. சுகந்தி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாழ்நாளில் ஒரு பஸ்ஸைக்கூடத் தவறவிடாதவள். நின்றபடியே சுவரைப் பார்த்தாள். அது ஆபீஸ் கடிகாரம். எப்போதும் சரியான நேரம் காட்டும்.

“இது பத்து நிமிஷம் ஃபாஸ்ட்தானே?” என்று கேட்டாள்.

“ஆமா,” என்றேன்.

பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கீழே ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அவள் கையை நான் விடவில்லை.