சத்தம் நின்றபோது கேட்டது

அந்த வாரத்தில் க்ளேட்டன் மாக்கி மூன்றாம் முறையாக வந்து கதவை இடித்தபோது, ஆர்டிஸ் ஹாக்ஸ்டாட் உறைந்த ஏரியின் மேல் நின்ற மீன்பிடிக் குடிலின் தரைத் துளையிலிருந்து ஒரு பெர்ச் மீனை மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். மீனை வாளியில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தாள். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி. க்ளேட்டன் தொப்பிகூட இல்லாமல் நின்றார்.

"ஏம்மா ஆர்டிஸ், உன் வீட்டுக்காரன் அந்த ஜெனரேட்டர் பூதத்தை நிறுத்துவானா மாட்டானா? மூணு நாளா தலை விண்விண்ணுன்னு தெறிக்குது. காலையில வாந்தி வேற."

உள்ளே தூண்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த வெர்லின் திரும்பாமலே குரல் கொடுத்தான். "விஸ்கியக் குறைங்க, வாந்தி நிக்கும்!"

"என்ன சொல்ற?"

"காது மெஷினக் கழட்டி வச்சிடுங்கன்னு சொல்றேன்! சத்தமே கேக்காது, நிம்மதியாத் தூங்கலாம்!"

க்ளேட்டன் ஒரு கணம் யோசித்தார். பிறகு இரண்டு காதுகளிலிருந்தும் கருவிகளைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அதுவும் சரிதான்யா," என்று சிரித்துவிட்டு நடந்தார். நடை லேசாகத் தள்ளாடியது. பனி வழுக்குகிறது என்று நினைத்துக்கொண்டாள் ஆர்டிஸ்.

பன்னிரண்டு குளிர்காலமாக மினசோட்டாவின் அந்த வடக்கு ஏரியில் இரண்டு குடில்களும் பக்கத்துப் பக்கத்தில்தான் நின்றன. எழுபத்து நாலு வயது க்ளேட்டன் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தனி ஆள். ஏரி உறைந்ததும் குடிலை இழுத்து வந்து போட்டால் மார்ச் வரை அதுதான் அவருக்கு வீடு. ஆர்டிஸ் இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் சக்தியைப் பிள்ளைகளிடமே செலவழித்துவிட்டதாகச் சொல்வாள். அதனால்தான் சனிக்கிழமை வெர்லினிடம், "அந்தச் சனியன எங்கயாவது தள்ளி வை, இல்லன்னா நான் வீட்டுக்குப் போறேன்," என்று கத்தியிருந்தாள். அவனும் இருப்பதிலேயே நீளமான வயரை எடுத்து, ஜெனரேட்டரை அது எட்டும் மட்டும் தள்ளிக் கொண்டுபோய் வைத்தான். தங்கள் பக்கம் சத்தம் வராமலிருக்க அதன் மூன்று பக்கமும் இடுப்புயரத்துக்குப் பனியை வெட்டி அடுக்கிச் சுவரும் எழுப்பினான்.

தொப்பியில்லாமல் போன அந்த மனிதரின் முதுகு இரவு முழுக்க ஆர்டிஸின் கண்ணிலேயே நின்றது. விடிந்ததும், "கிளம்பு. இன்னைக்கு வேற மெஷின் வாங்குறோம்," என்றாள்.

கரையில் மீன் இரையும் பெட்ரோலும் விற்கும் ஜோலீனின் கடையில் ஜெனரேட்டரும் கிடைக்கும். ஜோலீன் இரண்டை வெளியே தூக்கி வந்து பனியில் வைத்தாள். ஒன்று பெரியது, சக்கரம் வைத்தது. மற்றது ஒரு பயணப்பெட்டி அளவுதான், கைப்பிடி போட்டது.

"பெருசு போதும். மைக்ரோவேவ் ஓடும்," என்றான் வெர்லின்.

"மைக்ரோவேவ் வேணும்னா நம்ம வீட்டுச் சமையல்கட்டுக்குப் போ," என்றாள் ஆர்டிஸ். "ஜோலீன், ரெண்டையும் ஓட்டிக் காட்டு. சும்மா ஓட்டாத. ஏதாவது சுமை குடு."

சுமையில்லாதபோது இரண்டுமே பூனை உறுமுகிற மாதிரிதான் இருந்தன. ஜோலீன் ஒரு மின்சார ஹீட்டரைச் சொருகியதும் பெரியது எடுத்த எடுப்பில் அலறியது. சின்னதின் குரல் கொஞ்சம் ஏறி அங்கேயே நின்றது. ஆர்டிஸ் பத்தடி தள்ளிப் போய் நின்று, சாதாரணக் குரலில், "வெர்லின், உன் ஜிப்பு திறந்திருக்கு," என்றாள். அவன் உடனே குனிந்து பார்த்தான்.

"கேக்குதில்ல? இதுதான் வேணும்."

ஜோலீன் சிரித்தாள். "ராத்திரிக் குளிர்ல ஸ்டார்ட் ஆகுதான்னு பாருங்க. ரெண்டு நாள் வச்சிருந்து சரியா வந்தாச் சொல்லுங்க. இல்லன்னாத் திருப்பிக் கொண்டாங்க."

உறைந்த ஏரியின் மேல் போட்ட பாதையில் லாரியை ஓட்டித் திரும்பியபோது மணி பதினொன்று. தூரத்திலேயே பழைய இயந்திரத்தின் இரைச்சல் கேட்டது. குடிலைச் சூடாக்கும் அடுப்பின் விசிறி நிற்கக்கூடாதென்று அதை ஓடவிட்டுத்தான் போயிருந்தார்கள். வெர்லின் நேராகப் போய் அதை அணைத்தான்.

ஏரி அமைதியானது. ஆர்டிஸ் கண்ணை மூடி அதை அனுபவித்தாள். அப்போதுதான் அது காதில் விழுந்தது. மெல்லிய, கூர்மையான சத்தம். நாலு தடவை அடித்தது. நின்றது. மறுபடி நாலு.

"வெர்லின், அது என்ன?"

"எவனாவது லாரிய ரிவர்ஸ் எடுப்பான்."

நாலு. நிறுத்தம். நாலு. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அவர்கள் குடிலின் சுவரிலும் அதே பெட்டிதான் இருக்கிறது, விஷப் புகையைக் கண்டால் கத்துவது. சத்தம் க்ளேட்டனின் குடிலிலிருந்து வந்தது.

பனியில் இரண்டு முறை விழுந்து எழுந்து ஓடினாள். கதவு தாழிடப்படவில்லை. திறந்ததும் அந்தக் கிறீச்சொலி மண்டைக்குள் இறங்கியது. பெட்டி தலைக்கு மேலே கத்திக்கொண்டிருக்க, அதற்கு நேர் கீழே பெஞ்சில் சரிந்து கிடந்தார் க்ளேட்டன். மடியில் காபி கொட்டியிருந்தது.

"மூச்ச அடக்கிட்டு வா!" என்று கத்தினாள். இருவருமாக ஆளுக்கொரு கையைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். வெர்லின் அவர் நெஞ்சில் காதை வைத்தான். "இருக்கு. அடிக்குது. போன் போடு, ஆர்டிஸ், போன் போடு!"

ஆம்புலன்ஸ் வந்து ஆக்ஸிஜன் முகமூடி மாட்டி அவரைத் தூக்கிப் போனது. தீயணைப்புப் படையிலிருந்து வந்த ஒரு பெண் மட்டும் கையில் அளவுக் கருவியோடு அங்கேயே தங்கினாள். க்ளேட்டனின் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து நெடுநேரம் சோதித்தாள்.

"அடுப்புல ஒரு குறையும் இல்ல. புகைபோக்கியும் சுத்தம்."

"அப்புறம் எப்படி?" என்றான் வெர்லின்.

அவள் குடிலைச் சுற்றி நடந்தாள். பின்பக்கம், தரையை ஒட்டிக் காற்று உள்ளே போகும் துவாரத்தின் அருகே குனிந்தாள். அங்கே பனி புகை படிந்து சாம்பல் நிறத்தில் இருந்தது. அந்தக் கறையைத் தொடர்ந்து பத்தடி போனாள். பனிச்சுவரின் திறந்த பக்கம் க்ளேட்டனின் குடிலைப் பார்த்து இருந்தது. உள்ளே, இன்னும் சூடு ஆறாத ஜெனரேட்டர்.

"இது யாரோடது?"

ஆர்டிஸுக்குக் காலுக்குக் கீழே இரண்டடி கனப் பனிக்கட்டி இல்லாமற்போன மாதிரி இருந்தது. தலைவலி. வாந்தி. தள்ளாடிய நடை. அந்த மனிதர் மூன்று முறை வாசலுக்கு வந்து சொல்லியிருக்கிறார். 'தள்ளி வை' என்றது அவள். சுவர் கட்டியது இவன். காது மெஷினைக் கழற்றச் சொன்னதும் இவனே. அந்தப் பெட்டி எத்தனை மணி நேரம் கத்தியதோ, அவருக்கும் கேட்கவில்லை, இவர்களுக்கும் கேட்கவில்லை.

"எங்களோடது," என்றான் வெர்லின். அந்தப் பெண்ணுக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்லவேண்டி வந்தது.

நகரத்து ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள்தான் பார்க்க விட்டார்கள். க்ளேட்டன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர் டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. நடுக்கம் போக மாதக்கணக்காகலாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். காதுக் கருவிகள் மாட்டியிருந்தன.

வேறு யாரும் சொல்லும் முன்னால் தாங்களே சொல்லிவிட வேண்டும் என்று வழி முழுக்கப் பேசி வைத்திருந்தார்கள். ஆர்டிஸ்தான் ஒன்று விடாமல் சொன்னாள். தான் கத்தியதையும் சொன்னாள்.

க்ளேட்டன் வெர்லின் பக்கம் திரும்பினார்.

"அந்தப் பனிச்சுவரு," என்றார். "நீ கட்டுனத ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். வாடைக்காத்து எம்பக்கம் அடிக்குதேன்னு எனக்காகத்தான் கட்டுறியோன்னு நெனச்சேன்யா. வந்து நன்றி சொல்லணும்னுகூட இருந்தேன்."

வெர்லின் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டான். முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் அழுது ஆர்டிஸ் பார்த்ததில்லை.

"இன்னைக்குப் போயிடுங்க," என்றார் க்ளேட்டன் சுவரைப் பார்த்தபடி. "இன்னைக்கு என்னால முடியல. நாளைக்கு வாங்க."

ஊர் திரும்பாமல் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு விடுதியில் தங்கினார்கள். மறுநாள் பத்து மணிக்குக் கதவைத் தள்ளியபோது, அவர் கட்டிலருகே இரண்டு நாற்காலிகள் போடச் சொல்லி வைத்திருந்தார்.