இரண்டு சில்லும் சுற்றவேண்டும்

ஜீப்பின் பின்னச்சு மூடியைப் பிடித்திருந்த கடைசிப் போல்ட்டும் கழன்றபோது கறுத்த ஒயில் ஒரேயடியாகக் கொட்டியது. யசிந்தா ஏந்தியிருந்த தகரத்தை நிரப்பி அவளுடைய முழங்கை வரை வழிந்தது. ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்த அவள் புருசன் சிமியோன் அதைக் கண்டும் மூடியைத் துடைப்பதிலேயே இருந்தான். அவளும் தகரத்தை இழுத்து வேலியோரம் வைத்துவிட்டு, கையைப் பழஞ்சாக்கில் துடைத்துக்கொண்டு, திரும்பவும் அவனுக்குப் பக்கத்தில் குந்தினாள். காலையிலிருந்து இரண்டு பேரும் கதைத்ததெல்லாம் "பிடி", "விடு", "அதை எடு" என்பவைதான்.

இந்த வேலைக்கு இன்னொரு ஆம்பிளை வேண்டும். பின்பக்கத்தை ஜக்கால் உயர்த்திப் பனங்குற்றிகளில் ஏற்றுவதற்கே ஆள் வேண்டியிருந்தது. சிமியோன் மணற்காடு ஊரில் மூன்று வீட்டு வாசற்படலைக்குப் போய்வந்தான். ஒருவனுக்கு நாரி நோவு, ஒருவன் வலை பொத்தவேண்டும், ஒருவன் வீட்டுக்குள் இருந்துகொண்டே இல்லையென்று சொல்லச்சொன்னான். சம்மாட்டி வேண்டாமென்றால் அந்த ஊரில் ஒருவரும் வரமாட்டார்கள். கரைவலை அவருடையது, தோணிகள் அவருடையவை, வலை இழுக்கிற கைகளும் அவரை நம்பித்தான் இருந்தன. சம்மாட்டி நீக்கிலாப்பிள்ளை யசிந்தாவின் சொந்த அண்ணை.

முன்னர் சம்மாட்டியின் மீன் முழுவதையும் பருத்தித்துறைச் சந்தைக்குக் கொண்டுபோனது இந்த ஜீப்தான். உலக யுத்தகாலத்து ஜீப். முன் சில்லுகளுக்கு வலுவைக் கொண்டுபோகிற தண்டு, சிமியோன் ஜீப்பை வாங்கும்போதே இல்லை. பின் சில்லுகளை நம்பித்தான் மணல்மேடுகளுக்கு நடுவே ஓடவேண்டும். இப்போது மீன் மாட்டுவண்டியில் போகிறது, பாதி பழுதாகிப் போகிறது. பழுதானாலும் பரவாயில்லை, அவனுடைய ஜீப்பில் ஏறக்கூடாது என்பது நீக்கிலாப்பிள்ளையின் கட்டளை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். போன ஆண்டு வைகாசியில், வலை கடலில் கிடந்த ஒரு மத்தியானம், நீக்கிலாப்பிள்ளையின் பெண்சாதி பெர்னடெட்டுக்கு மாதம் நிறையமுன்னரே நோக்கண்டு, இரத்தம் போகத் தொடங்கியது. சிமியோன்தான் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக ஜீப்பைக் கொண்டுவந்து ஏற்றினான். பெர்னடெட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு யசிந்தா பின்னால் இருந்தாள். தார் ரோட்டைப் பிடிக்கமுன்னர் இரண்டு மேடுகளுக்கு இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் வலப்பக்கச் சில்லு புதைந்தது. அந்தச் சில்லு மட்டும் சுற்றிச்சுற்றி மணலை வாரி இறைக்க, இடப்பக்கச் சில்லு அசையாமல் நின்றது. சிமியோன் அக்சிலேற்றரை மிதித்துக்கொண்டே இருந்தான். அச்சு மணலில் குந்தும்வரை மிதித்தான். வலைக்காரர் கடற்கரையிலிருந்து ஓடிவந்து ஜீப்பைத் தூக்கி விட்டபோது பெர்னடெட்டின் கை யசிந்தாவின் கைக்குள் குளிர்ந்திருந்தது. பிள்ளையும் இல்லை.

செத்தவீடு முடிந்து எட்டு நாளும் கழிந்தபின் நீக்கிலாப்பிள்ளை தங்கச்சியைத் தனியே கூப்பிட்டு, என்ன நடந்ததென்று கேட்டார். யசிந்தா நடந்ததைச் சொன்னாள். சில்லு இலேசாகப் புதைந்தபோதே பின்னுக்கு எடுக்கச்சொல்லித் தான் கத்தியதையும், சில்லுக்கு அடியில் பனங்காவோலை வெட்டிப் போடுவோம் என்று சொன்னதையும், அவன் வாயை மூடச்சொல்லிவிட்டு மிதித்ததையும் சொன்னாள். அன்றிலிருந்து நீக்கிலாப்பிள்ளை மச்சானோடு கதைக்கவில்லை. யார் சொன்னது என்பது தெரிந்ததால் சிமியோன் பெண்சாதியோடும் அளவுக்குமேல் கதைப்பதில்லை.

அதற்குப் பிறகு அவனுடைய மண்டைக்குள் இருந்ததெல்லாம் அந்தச் சுற்றாத சில்லுதான். முன்னர் யாழ்ப்பாணத்தில் ஒரு கராச்சில் வேலை பழகினவன். அச்சின் நடுவிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் ஓட்டத்தைப் பிரிக்கிற சாதாரண டிபரன்சலில் ஒரு சில்லு வழுக்கத் தொடங்கினால் எஞ்சினின் ஓட்டமெல்லாம் அதற்கே போய்விடும், நிலத்தைப் பிடித்து நிற்கிற மற்றச் சில்லுக்கு ஒன்றும் வராது என்பது அவனுக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிற வேறொரு வகை இருக்கிறதென்றும், உள்ளே தகட்டு அடுக்குகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு இருக்குமென்றும் கேள்விப்பட்டிருந்தான். வல்வெட்டித்துறையில் கப்பலுக்குப் போய்வருகிற தில்லைநாதன், சிங்கப்பூரில் உடைத்து விற்கிற ஜீப்பொன்றிலிருந்து அதைக் கழற்றுவித்துக் கொண்டுவந்து கொடுத்தான். அதற்குப் பதிலாகச் சிமியோன் தன் படகு மெசினைக் கொடுத்தான். மெசின் போன பிறகு கடலும் இல்லை. மீன் ஏற்றாத ஜீப்பும் இந்த இரும்பும்தான் மிச்சம்.

அச்சுத்தண்டுகளை இரண்டு பக்கமும் உருவியபின் சிமியோன் பேரிங் மூடிகளில் உளியால் அடையாளம் கொத்தினான். இடதையும் வலதையும் மாறிப் போட்டால் எல்லாம் நாசம். பிறகு டிபரன்சலின் இரண்டு பக்கமும் அலவாங்குகளைச் செருகி, ஒன்றின் முனையை யசிந்தாவிடம் கொடுத்தான்.

"நான் சொல்லேக்கை மிண்டு. முந்தாதை."

அவள் அலவாங்கில் சாய்ந்து மிண்டினாள். பழைய டிபரன்சல் இறுகிக் கிடந்து, பிறகு சட்டென்று வெளியே பாய்ந்து அவள் காலுக்குப் பக்கத்தில் மணலில் விழுந்தது.

"கால் போயிருக்கும்" என்றாள்.

"போகேல்லைத்தானே."

படலையில் நிழல் விழுந்தது. நீக்கிலாப்பிள்ளை உள்ளே வரவில்லை. சாரத்தை மடித்துக் கட்டியபடி நின்று, கழற்றிப் போட்டிருந்த சில்லுகளையும் தங்கச்சியின் கையிலிருந்த கறுப்பையும் பார்த்தார்.

"பிள்ளை, நீயும் உதுக்குள்ளை கிடக்கிறியோ?"

"ஆளில்லை அண்ணை. நீங்கள் ஒருத்தரையும் விடேல்லையே."

"உவன் இரும்பைப் பூட்டி என்ன செய்யப்போறான்? போனவளை எழுப்பிக் கொண்டரப் போறானோ?"

ஜீப்புக்கு அடியிலிருந்து சிமியோன், அவருக்கல்ல, யசிந்தாவுக்குச் சொல்வதுபோலச் சொன்னான்: "பூட்டி முடிய அந்தப் பள்ளத்துக்குக் கொண்டுபோவன் எண்டு சொல்லு. வந்து பாக்கச் சொல்லு. ஊரையும் கூட்டிக்கொண்டு வரச்சொல்லு."

"கொலைகாரன்" என்றார் நீக்கிலாப்பிள்ளை. சத்தம் போடாமல், பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுபோலச் சொன்னார். பிறகு போய்விட்டார்.

சிமியோன் துடைத்த பேரிங் மூடியையே திரும்பத் திரும்பத் துடைத்தான். அவன் மூச்சு அடியிலிருந்து கேட்டது. யசிந்தாவுக்கு ஒரு கணம் அவன்மேல் இரக்கம் வந்தது. வந்ததும் மடியில் கனத்த பெர்னடெட்டின் தலை ஞாபகம் வந்து, அந்த இரக்கத்தை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

பெரிய பல்லுச்சில்லைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் பூட்டி உள்ளே ஏற்றுவதும், பற்கள் சரியாகப் பொருந்தவில்லையென்று திரும்ப இறக்குவதும், இரண்டு பக்கமும் மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்து மறுபடி ஏற்றுவதுமாக நாட்கள் போயின. தோணிக்கு அடிக்கிற சிவப்பு மையைப் பற்களில் பூசிச் சுற்றிப் பார்ப்பான். மை பல்லின் நுனியில் அழிந்தால் பிழை, அடியில் அழிந்தாலும் பிழை. ஒவ்வொரு முறையும் அந்தப் பாரத்தை நெஞ்சில் ஏந்தி ஏற்றினான். அவன் நெஞ்சு கன்றிப்போயிருந்தது. யசிந்தா கஞ்சியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பாள், குடியுங்கோ என்று சொல்லமாட்டாள். ஒருநாள் மை பல்லின் நடுவில் அழிந்திருந்தது. அவன் அதை அவளுக்குக் காட்ட வாயெடுத்து, காட்டாமல் விட்டான். அவளுக்கு அது தெரிந்தது.

சில்லுகளைப் பூட்டியபின், ஜீப் இன்னும் குற்றிகளில் நிற்கும்போதே, ஒரு பக்கச் சில்லைப் பிடிக்கச் சொன்னான். அவன் மற்றப் பக்கம் போனான்.

"இறுக்கிப் பிடி. விடாதை."

அவன் தன் பக்கத்தைச் சுழற்றினான். பழைய டிபரன்சல் என்றால் அவள் பக்கம் எதிர்த்திசையில் போயிருக்கும். இப்போது அவள் பிடித்திருந்த சில்லு, அவன் சுழற்றிய பக்கமே அவளுடைய இரண்டு கைகளையும் இழுத்துக்கொண்டு திரும்பியது.

"பாத்தியோ?" அவன் குரலில் சந்தோசம் இருந்தது. பல மாதங்களுக்குப் பிறகு. "ஒண்டு புதைஞ்சாலும் மற்றது இழுக்கும். இது அண்டைக்கு இருந்திருந்தால்..."

"அண்டைக்கு நீங்கள் பின்னுக்கு எடுத்திருந்தால் இது தேவைப்பட்டிராது."

ஜீப்புக்கு மேலால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அதை எத்தினை பேரிட்டைச் சொன்னனி?"

"அண்ணையிட்டை மட்டும்தான்."

"அது காணும், வேறை ஆரும் தேவையில்லை" என்றான் அவன்.

மறுநாள் பின்னேரம் பள்ளத்துக்குக் கொண்டுபோனான். அன்றைக்கு ஏறினவர்களின் பாரத்துக்கு ஈரமணல் நிரப்பிய சாக்குகளைப் பின்னால் ஏற்றியிருந்தான். யசிந்தா நடந்து போனாள். கடற்கரையில் கரைவலை பாதிவரை வந்திருந்தது. கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் தலையைத் திருப்பினார்கள், சிலர் கயிற்றை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு மேட்டில் ஏறினார்கள். நீக்கிலாப்பிள்ளை அவர்களுக்குப் பின்னால் வந்தார்.

சிமியோன் வேண்டுமென்றே வலப்பக்கத்தை அந்த மிருதுவான இடத்தில் இறக்கினான். சில்லு புதைந்தது. மணல் எழும்பியது. யசிந்தா தன்னையறியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இடப்பக்கச் சில்லு கடித்துப் பிடித்தது. ஜீப் ஒரு பக்கம் சரிந்து, முனகி, மாடு எழும்புவதுபோல முன்னுக்கு எழும்பி, மேட்டில் ஏறி நின்றது.

சிமியோன் இறங்கினான். தலை, தாடி, இமை எல்லாம் மணல்.

"பாத்தியளோ?" என்று கத்தினான். "எல்லாரும் பாத்தியளோ? நானில்லை. இரும்பு. அந்த இரும்புதான்."

நீக்கிலாப்பிள்ளை மேட்டிலிருந்து இறங்கி வந்தார். அடி விழப்போகிறதென்று எல்லோரும் விலகினார்கள். சிமியோனும் கையை மடக்கிக்கொண்டான். அவர் அவனைக் கடந்து ஜீப்பின் பின்பக்கம் போனார். மணல் சாக்குகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டார். பிறகு ஏறி உட்கார்ந்தார்.

"ஓட்டு."

சிமியோன் தயங்கினான். பிறகு ஏறி, சுற்றிக்கொண்டு வந்து பள்ளத்தைக் கடந்தான். மறுபக்கம் போய் நின்றதும் அவர் குரல் கேட்டது.

"திரும்ப."

திரும்பக் கடந்தான். திரும்பவும். ஒருமுறைகூட ஜீப் நிற்கவில்லை. கடக்கக் கடக்க நீக்கிலாப்பிள்ளையின் முகம் இருண்டுகொண்டு போனதை யசிந்தா கண்டாள். அது புதைந்து நிற்கும் என்றுதான் அவர் எதிர்பார்த்திருக்கவேண்டும். நின்றிருந்தால் அவரால் இறங்கி வீட்டுக்குப் போயிருக்க முடியும்.

ஜீப் அவளுக்குப் பக்கத்தில் வந்தபோது நிறுத்தச்சொன்னார்.

"பிள்ளை, அவளின்ரை தலை எந்தப் பக்கம் கிடந்தது?"

"முன்பக்கம், அண்ணை. என்ரை மடியிலை."

"நீ எவடத்திலை இருந்தனி?"

அவள் காட்டினாள்.

"ஏறு."

அவள் சிமியோனைப் பார்த்தாள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தில் வியர்வை மணலைக் கரைத்துக்கொண்டு இறங்கியது. அவள் ஏறி, முன் ஆசனத்துக்கு முதுகைக் கொடுத்து இருந்தாள். நீக்கிலாப்பிள்ளை தகரத் தளத்தில் மல்லாந்து படுத்து, நரைத்த தலையை அவள் மடியில் வைத்தார். பாரமாக இருந்தது. இடம் போதாமல் அவருடைய கால்கள் பின்பலகையைத் தாண்டி வெளியே நீண்டன.

"இனி ஓட்டு" என்றார். "அவளைக் கொண்டுபோன மாதிரி ஓட்டு."

எஞ்சின் உறுமியது, ஆனால் ஜீப் நகரவில்லை. சிமியோன் கிளச்சை மிதித்தபடியே இருந்தான். பிறகு ஜீப் மெல்லப் பள்ளத்துக்குள் இறங்கியது. மணல் பறந்து அண்ணையின் திறந்த கண்களுக்குள் விழுந்தது. அவர் மூடவில்லை. யசிந்தா தன் கையை அவற்றின்மேல் கவிழ்த்துப் பிடித்தாள். வெளியே நீண்டிருந்த அந்த இரண்டு பாதங்களும் ஒவ்வொரு குலுக்கத்துக்கும் ஆடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, தூரத்தில், வலைக்காரர் கயிற்றைக் கைவிட்டு நிற்பதும், இழுப்பாரில்லாத கயிறு அலையோடு கடலுக்குள் போய்க்கொண்டிருப்பதும் தெரிந்தன.