ஆர்தர் போட்ட பெல்ட்

அந்தக் காருக்கு பெல்ட் மாற்ற வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தயாளனுக்கு அது நன்றாகத் தெரியும். ஆர்தர் இறப்பதற்கு ஆறு மாதம் முன்புதான் புதிதாகப் போட்டிருந்தார். அதன் பிறகு கார் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தால் அதிகம். ஆனால் ஆர்தரின் மனைவி மோனிக்கா போன் செய்து, "தயா, சனிக்கிழமை கல்யாணத்துக்கு அப்பா காடியிலதான் கோயிலுக்குப் போவேன்னு ஆலிஸ் நிக்கிறா. எட்டு மாசமா அசையாம கெடக்கு. ஓடுமான்னு வந்து பாரேன்" என்று கேட்டபோது, அவன் வாயிலிருந்து முதலில் வந்தது பெல்ட்தான்.

"நின்ன காடிய பெல்ட் மாத்தாம எடுக்கக் கூடாதுக்கா. அறுந்துச்சுன்னா இன்ஜின் காலி."

பேட்டரி மாற்றி, பழைய பெட்ரோலை இறக்கி, டயருக்குக் காற்றடித்தால் போதும். அரை நாள் வேலை. அவனுக்கு அரை நாள் போதாது. பன்னிரண்டு வருடமாக அந்த 318-ஐப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தவன். தொண்ணூறாம் வருடத்து பி.எம்.டபிள்யூ; நாலு சிலிண்டர்; ஆர்தர் உயிரோடு இருந்தவரை அதன் பானெட்டுக்குள் வேறு ஒருவன் விரல் நுழைந்ததில்லை. இப்போது ஆர்தர் இல்லை. சாவி தயாளன் கையில் இருந்தது.

தயாளனுக்கு நாற்பத்தொரு வயது. படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினோரு வருடம் இரவு வேலை பார்த்து அதையும் ஒரு நாள் விட்டான். மனைவி குமுதா சிம்பாங் அம்பாட்டில் அவள் அக்காள் வீட்டுக்குப் போய் மூன்று வருடம் ஆகிறது. அது யார் யாரை விட்டது என்று இன்னும் தெளிவாகவில்லை. அவனிடமும் ஒரு 318 இருந்தது. இன்ஜினைக் கழற்றினான், திரும்பப் பூட்டவில்லை. கடைசியில் துண்டு துண்டாக வேறு ஆட்களின் கார்களுக்குள் போய்ச் சேர்ந்தது. இப்போது பகலில் மோட்டார் சைக்கிளில் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. சனிக்கிழமை காலை ஆர்தரின் கார் கோயில் வாசலில் போய் நின்றால் மட்டும் ஒன்று இருக்கும்: ஆர்தருக்குப் பிறகு அந்தக் காரைத் தொடத் தகுந்தவன் தயாதான் என்று குரூப்பில் நாலு பேர் சொல்வார்கள். அதற்காகத்தான் வந்தான்.

குரூப் என்றால் பழைய ஜெர்மன் கார் வைத்திருக்கும் பதினைந்து பேர். ஞாயிறு காலை தேநீர் குடிக்கக் கூடுவார்கள். புஷ், கேஸ்கெட், கார்களை வெட்டி விற்கும் கடையில் எது வந்திருக்கிறது, இதுதான் பேச்சு. அதில் ஆர்தர் பெரிய ஆள் இல்லை, அதிகம் பேசமாட்டார். துறைமுகத்தில் கிரேன் ஃபிட்டராக இருந்தவர். வேலையில் ஆமை. ஒரு முறை தயாளன் எல்லோர் முன்னாலும் கிண்டலடித்தான்.

"அண்ணே, ஜெர்மன்காரன் மொத்தக் காடியையும் இதவிட சீக்கிரமா செஞ்சிருப்பான் லா."

"அவன் சம்பளத்துக்குச் செஞ்சான்," என்றார் ஆர்தர், தலையைத் தூக்காமல். "நான் சும்மா செய்யறேன். சும்மா செய்யற வேலைக்கு என்னா அவசரம்?"

பெல்ட் விஷயத்தில் அவருக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. இன்ஜினின் கீழ்த் தண்டையும் மேல் தண்டையும் இணைப்பது அந்த பெல்ட்தான். இரண்டும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டும். தாளம் தப்பினால் கீழிருந்து வரும் பிஸ்டன் மேலே திறந்திருக்கும் வால்வில் போய் முட்டும். அதனால் பெல்ட்டைக் கழற்றும்முன் மேல் தண்டு அசையாதபடி ஓர் இரும்புக் கட்டையை மாட்டிப் பூட்டுவார். மற்றவர்கள் வெள்ளை மையால் குறி போட்டுக்கொண்டு வேலையை முடிப்பார்கள். "குறி போடறவன் கண்ண நம்பறான். என் கண்ணு கண்ணாடி போட்ட கண்ணு. எனக்கு இரும்புதான்" என்பார். அடுத்தது, பெல்ட் பூட்டியதும் பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, ஸ்பேனர் போட்டுக் கையாலேயே இன்ஜினை இரண்டு முழுச் சுற்று சுற்றுவார். எங்கும் முட்டவில்லை என்று கை சொன்ன பிறகுதான் சட்டைப் பையிலிருந்து சாவி வெளியே வரும்.

அவர் போனபின் அந்தக் கட்டை பட்டர்வொர்த்தில் இருக்கும் ஷேக் அலாவுதீனிடம் போய்விட்டது. அவரும் ஒரு வெள்ளை 318 வைத்திருப்பவர். வியாழன் மதியம் ஜெலுத்தோங்கில் ஆர்தர் வீட்டுப் போர்ச்சிலிருந்து தயாளன் அவருக்கு போன் செய்தான்.

"பாய், அந்தக் கட்டை வேணும்."

"நாளைக்கு ஜும்மா முடிச்சதும் ஃபெரி ஏறி வந்துர்றேன். அதுவரைக்கும் கையக் கால வச்சிக்கிட்டு சும்மா இருப்பா. உன் கை சும்மா இருக்காது, எனக்குத் தெரியும்."

"இருக்கேன் பாய்."

இருக்கவில்லை. ரேடியேட்டரைக் கழற்றியாகிவிட்டது, மூடியும் எடுத்தாகிவிட்டது, பெல்ட் எதிரே தெரிகிறது. வெள்ளை மையால் மேல் தண்டின் பல்சக்கரத்தில் ஒரு கோடு, அதற்கு நேராக இன்ஜின் உடலில் ஒரு கோடு. எத்தனையோ பேர் இப்படித்தான் செய்கிறார்கள். பெல்ட்டைத் தளர்த்தி இழுத்ததும், பிடிமானம் போன மேல் தண்டு வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் தானாகவே ஒரு துள்ளுத் துள்ளித் திரும்பியது. பரவாயில்லை, கோடு இருக்கிறது என்று நினைத்தான். பிறகு பழைய எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்து மனம் பொறுக்காமல் பிரேக் கிளீனரை அடித்துத் துணியால் துடைத்தான். துணியைப் பிரித்துப் பார்த்தபோது பிசுக்கோடு வெள்ளையும் வந்திருந்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நாளை மதியம்வரை காத்திருந்தால் கட்டை வந்திருக்கும். அவன் சக்கரத்தையே ஐந்து நிமிடம் வெறித்துப் பார்த்தான். கோடு எங்கே இருந்தது என்று ஞாபகம் இருப்பதாகவே பட்டது. ஞாபகத்தில் இருந்த இடத்துக்குச் சக்கரத்தைத் திருப்பி, புது பெல்ட்டைப் பூட்டினான். புது பேட்டரியை வைத்து, புது பிளக்குகளையும் போட்டு இறுக்கினான்.

மாலை ஐந்து மணிக்கு ஆலிஸ் வந்தாள். கோயிலில் ஒத்திகை முடித்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது. இருபத்தெட்டு வயது, அப்பாவின் அகலமான நெற்றி.

"முடிஞ்சிருச்சா அங்கிள்?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணுங்களேன். அந்தச் சத்தத்தக் கேட்டு எட்டு மாசம் ஆச்சு. இருங்க, அம்மாவக் கூட்டிட்டு வர்றேன். நான் இல்லாம ஸ்டார்ட் பண்ணிராதீங்க, ஆமா!"

அவள் உள்ளே போன இரண்டு நிமிடத்தில் தயாளன் ஸ்பேனரைக் கீழ்த் தண்டில் மாட்டிச் சுற்றினான். கால் சுற்று வந்தது. பிறகு இறுகியது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தான்; அசையவில்லை. பிளக் உள்ளே இருக்கும்போது சிலிண்டரில் காற்று அடைபட்டு இறுகத்தான் செய்யும். காற்றின் இறுக்கத்துக்கும் இரும்பு இரும்பில் முட்டும் இறுக்கத்துக்கும் வேறுபாடு தெரிய வேண்டும் என்பதற்குத்தான் ஆர்தர் பிளக்கைக் கழற்றுவார். தயாளனுக்கு அது தெரியும். உள்ளேயிருந்து ஆலிஸ் சிரிக்கும் சத்தமும், "சேலையாவது மாத்திக்கவா?" என்று மோனிக்கா கேட்கும் சத்தமும் வந்தன. காற்றுதான் என்று சொல்லிக்கொண்டான். ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

அம்மாவும் மகளும் படியில் வந்து நின்றார்கள். அவன் காரில் ஏறி சாவியைத் திருப்பினான்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. ஒரு 'கடக்'. தொடர்ந்து நாலைந்து சின்னத் தட்டல்கள், பல்லைக் கடித்த மாதிரி. அதற்குப் பிறகு ஸ்டார்ட்டர் எந்தத் தடையும் இல்லாமல் தையல் மெஷின்போல லேசாகச் சுற்றியது. வால்வு வளைந்து மூடாத இன்ஜினில் அடைபடக் காற்று ஏது. அவன் சாவியைத் திருப்பி எடுத்தான். இறங்கவில்லை.

"என்னா தயா?" என்றாள் மோனிக்கா.

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று அவன் பின்னால் பலமுறை யோசித்திருக்கிறான். எங்கிருந்தும் வரவில்லை. வாயிலேயே தயாராக இருந்தது.

"அக்கா, அண்ணன் போன தடவ பெல்ட் போட்டப்ப தப்பான எடத்துல குறி போட்டு வச்சிருக்காரு. அத நம்பித்தான் போட்டேன். இன்ஜின் உள்ள அடிபட்டுப் போச்சு."

"சனிக்கிழமை ஓடாதா?"

"ஓடாதுக்கா."

மோனிக்கா அழவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். காரைப் பார்த்தாள்.

"பதினெட்டு வருஷம்," என்றாள். "ஞாயித்துக்கெழம பூசைக்கு நானும் இவளும் மட்டும்தான் போவோம். அவரு இதுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிப்பாரு. கேட்டா, ஒழுங்கா செய்யணும் மோனி, அவசரப்படக் கூடாதும்பாரு. ஒழுங்கா செஞ்ச லட்சணம் இதுதானா?"

"அம்மா," என்றாள் ஆலிஸ்.

"என்னாடி அம்மா? எனக்கு இந்தக் காடியப் பத்தி என்னா தெரியும்? அவருக்காச்சும் தெரியும்னு நெனச்சேன்."

தயாளன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது.

அன்றே ஷேக் அலாவுதீனுக்கும் அதையே போனில் சொன்னான்.

"ஆர்தர் குறி போடற ஆளே இல்லியேப்பா."

"போட்டிருந்தாரு பாய். மஞ்சள் பெயின்ட்ல. கடைசியில ஒடம்பு முடியல இல்ல, அப்ப போட்டிருப்பாரு."

"ஆமா, மூச்சு வாங்கிச்சு அப்பல்லாம்," என்றார் ஷேக். பிறகு, "சரி, சனிக்கிழமைக்கு என் வெள்ளையக் கொண்டாறேன். புள்ள நடந்தா போவா?"

சனிக்கிழமை ஆலிஸ் ஷேக்கின் வெள்ளை 318-இல் ரிப்பன் கட்டிப் போனாள். மண்டபத்தில் குரூப் ஆட்கள் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிரியாணி வந்ததும் பேச்சும் வந்தது. அவ்வளவு மெதுவாகச் செய்த மனுஷனே தப்புச் செய்திருக்கிறார் என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம் என்றார் ஒருவர். இத்தனை வருஷம் நம்மையெல்லாம் இரும்புக் கட்டை கதை சொல்லி ஏமாற்றினார் மனுஷன் என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. செத்தவரைப் பற்றிப் பிரியமாகச் சிரிக்கிற சிரிப்புதான். தயாளனும் சிரித்தான்.

கை கழுவப் போன இடத்தில் ஆலிஸ் வந்து நின்றாள். மாலையைக் கையில் சுருட்டி வைத்திருந்தாள்.

"அங்கிள், ஒண்ணு கேக்கவா? கோவிச்சிக்காதீங்க."

"கேளும்மா."

"அப்பா கையால ரெண்டு சுத்து சுத்தாம சாவிய எடுக்க மாட்டாரு. வீட்ல எல்லாருக்கும் தெரியும். நீங்க சுத்துனீங்களா?"

"சுத்துனேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் குழாயை மூடினான். அவள் இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்று அவன் பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுண்டு. அது உண்மையா என்று அவனுக்கே நிச்சயமில்லை.

"அப்ப அப்பாதான்," என்றாள் ஆலிஸ். மாலையைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையிடம் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து மோனிக்கா போன் செய்தாள். "கொண்டு போயிரு தயா. ஒனக்கு அதுமேல ஆசன்னு அவரு சொல்லிருக்காரு. எனக்கு வாசல்ல அதப் பாக்க முடியல." இழுவை லாரியில் ஏற்றி, ரைஃபிள் ரேஞ்ச் குடியிருப்பில் தன் ஃபிளாட்டுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினான். பன்னிரண்டு வருடம் ஆசைப்பட்ட கார். நாலு பேர் சுற்றி நின்று பார்த்தார்கள்.

ஞாயிறு காலை இன்ஜினின் தலைப்பகுதியைக் கழற்றினான். எட்டில் நாலு வால்வு வளைந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். அவன் எதிர்பார்க்காதது கீழே இருந்தது. நாலு சிலிண்டரின் சுவரும் கண்ணாடி மாதிரி. ஆறு வருடத்துக்கு முன் ஆர்தர் தேய்த்துவிட்ட மெல்லிய குறுக்குக் கோடுகள் நேற்றுப் போட்டதுபோல அப்படியே தெரிந்தன. ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் எண்ணெய் பூசியிருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு துளி அவசரம் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் பழைய இன்ஜினில் இப்படி ஒன்றை அவன் பார்த்ததே கிடையாது. இனியும் பார்க்கப் போவதில்லை.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. குரூப்பில் இக்மல் என்பவன் எழுதிக் கேட்டிருந்தான்: பிரிச்சாச்சா? போட்டோ போடுங்க அண்ணே, ஆர்தர் அண்ணன் பண்ணினத நாங்களும் பாக்குறோம்.

தயாளன் வளைந்த வால்வுகளைப் பழைய செய்தித்தாளில் வரிசையாக வைத்து ஒரு படம் எடுத்தான். சிலிண்டரைப் படம் எடுக்கவில்லை. அனுப்பினான். அழும் முகங்கள் வந்தன, கும்பிடும் கைகள் வந்தன. பாவம் ஆர்தர் என்று ஒருவர் எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் ஷேக் தனியாகக் கூப்பிட்டார்.

"தயா, போட்டோ பாத்தேன். எனக்கு இனி ராத்திரி தூக்கமே வராதுப்பா. என் வெள்ளைக்கும் அந்த மாசந்தான் ஆர்தர் பெல்ட் போட்டாரு. இக்மல் காடிக்கும் அவருதான். இன்னும் ரெண்டு மூணு பேரு இருக்காங்க. எல்லாம் பயந்து போயிருக்கானுங்க."

"உங்களது நல்லாத்தானே ஓடுது பாய்."

"ஓடும்தான். எப்ப நிக்கும்னு யாரு கண்டா? ஒன்ன மாதிரி கண்டுபிடிக்கத் தெரிஞ்சவன் வேற யாரு இருக்கா இங்க? எல்லாத்தையும் கழட்டி நீயே திரும்பப் போட்டுக் குடு. மொதல்ல என்னது."

தயாளன் திறந்து கிடந்த இன்ஜினைப் பார்த்தான். அந்த பெல்ட்டுகளில் ஒன்றில்கூட ஒரு பல் தப்பியிருக்காது. அதைச் சொல்ல வேண்டும் என்றால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

"என்னா தயா, லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் பாய்."

"எப்ப வர்ற?"

"வர்ற ஞாயித்துக்கெழம," என்றான்.