சலவை சிஸ்டரின் கை

புனிதர் பட்டம் அறிவித்த மறுநாளே பங்குச்சாமியார், புனிதர் சிலைகள் வார்க்கும் சுரூபக்காரரின் பட்டறைக்கு மூச்சிரைக்க வந்து நின்றார்.

"மூணு வாரத்துல சுரூபம் பீடத்துல நிக்கணும்ப்பா. ஆயர் வர்றார். காலி பெஞ்சுக்கே பிரசங்கம் வச்சு எனக்கும் அலுத்துப்போச்சு. நம்ம ஊர் ஆளே புனிதரானா ஜனம் திரும்பி வராமலா போயிடும்?"

புனிதரானவர், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் நோயாளிகளின் துணி துவைத்த சிஸ்டர். அவரோடு ஒரே தொட்டியில் நின்று துவைத்தவள் சுரூபக்காரரின் மனைவி. சிஸ்டரின் அடக்கப் பூசையன்று, பெரிய மனிதர்களுக்கு இடம் வேண்டுமென்று சலவைப் பெண்களை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அன்றோடு அவள் கோவில் படி மிதிப்பதை விட்டாள். ஞாயிறுதோறும் தனியாகப் போய்த் தனியாக வரும் சுரூபக்காரருக்கு, இந்தச் சுரூபமாவது அவளை உள்ளே இழுத்து வராதா என்று ஒரு நப்பாசை.

பட்டறையில் பெண் புனிதர் எல்லோருக்கும் உடம்பு அச்சு ஒன்றுதான். கூப்பிய கை, தரையில் புரளும் அங்கி. தலை மட்டும் மாறும். அப்படியே வார்த்து வைத்தார். சாப்பாடு கொண்டுவந்த மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"யாருங்க இவங்க?"

"தெரியலையா? உங்க சிஸ்டர்தான்."

"இந்தக் கை ஒரு கைக்குட்டையாவது துவைச்சிருக்குமா? எங்க சிஸ்டருக்கு முழங்கைக்கு மேல அங்கி ஏறியிருக்கும். சலவைச் சோடா தின்ன கைங்க அது. இந்த மகராணியைப் பார்க்க நான் எதுக்கு வரணும்?"

அவர் சாப்பாட்டை ஒதுக்கி வைத்தார். உளியை எடுத்துக் கூப்பிய கையைத் தட்டி எடுத்தார்.

"உன் கையை நீட்டு."

"எதுக்கு?"

"அச்செடுக்க."

"ஐயோ, கேலியா? என் கையைப் போயி பீடத்துல வைப்பாங்களா!"

"அவங்க கையும் இப்படித்தானே?"

"அவங்களது இன்னும் மோசம்," என்று சொல்லிக்கொண்டே நீட்டினாள்.

பங்குச்சாமியார் வந்து பார்த்துப் பதறினார். "கை கூப்பலையே! கேப்பாங்களே!"

"கூப்பின கையைப் பார்க்க ஒரு வாரம் கூட்டம் வரும் சாமி. இந்தக் கையைப் பார்த்தா வந்தவங்க உட்காருவாங்க."

வெடித்த விரல்களைச் சாமியார் வெகுநேரம் தடவிப் பார்த்தார். "ஆயர்கிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார். சொன்னபடி பேசவும் செய்தார்.

ஆயர் வந்த திருநாளன்று கோவில் கொள்ளாத கூட்டம். "அன்னைக்குப் பெரிய மனுஷங்களுக்கே இடம் பத்தாது," என்று மனைவி வரவில்லை. மறுவாரம் பாதிக் கூட்டம். மூன்றாம் ஞாயிறு பழையபடி காலி பெஞ்சு. சாமியாரின் முகத்தைப் பார்க்கச் சுரூபக்காரருக்குப் பாவமாக இருந்தது.

நான்காம் ஞாயிறு, பூசை தொடங்கும் நேரம், சலவைப் பெண்கள் பதினொரு பேர் நுழைந்தார்கள். முன்னால் அவர் மனைவி. அன்று நிறுத்திய அதே வாசலோரமே ஒதுங்கி நின்றார்கள். சாமியார் பீடத்தைவிட்டு இறங்கி வந்து, அவர்களை முதல் பெஞ்சுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்தார்.

சுரூபத்தை நிமிர்ந்து பார்த்த மனைவி, பக்கத்தில் வந்து உட்கார்ந்த கணவரின் விலாவில் இடித்தாள். "இடது கை அங்கியை இன்னும் ஒரு மடிப்பு ஏத்தியிருக்கணும்."

"அடுத்த வாரம் வந்து எவ்வளவுன்னு காட்டு."

"வராம? நான் காட்டாம உங்களுக்கு எது தெரிஞ்சிருக்கு?"