ஆடுகளுக்காக வெட்டாத பள்ளங்கள்

ஜன்னலை ஒட்டிய நாற்காலியில் கோல்ஃப் சங்கத் தலைவரான டாக்டர். எதிரே, மேசையில் முழங்கையை ஊன்றியபடி அவர் மைத்துனர். கதவருகே, காலணி மாற்றும் பெஞ்சில், மைதானத்துப் புல்லை வெட்டிப் பராமரிக்கும் புல்தரைக்காரர். செருப்பெல்லாம் மணல், உள்ளே வரமாட்டேன் என்றுவிட்டார். மூலையில், வெள்ளைத்தாளும் பழைய ஆட்டக் குறிப்பேடுமாகச் செயலாளர். எல்லோருக்கும் அவள் கடுதாசி அக்கா.

விஷயம் இதுதான். நூறு வருஷம் தாண்டிய அந்தக் கடலோர கோல்ஃப் மைதானத்தில், பதினோராவது குழிக்குப் பந்தை அடிக்கத் தொடங்கும் மேடையைப் போன வாரப் புயல் இழுத்துக்கொண்டு போய்விட்டது. பக்கத்தில் வேறு மேடை போட்டால், பத்தாவது குழியில் ஆடி முடிப்பவர்கள் மண்டையில்தான் பந்து விழும். பதினெட்டுக் குழியும் ஆட முடியாவிட்டால் ஆண்டுப் போட்டியை வேறிடத்துக்கு மாற்றுவோம் என்று சம்மேளனம் எழுதியிருந்தது. போட்டி போனால் மைதானத்துக்கு மூடுவிழாதான். பதில் மாலைத் தபாலில் போயாக வேண்டும்.

முடியாதென்று மரியாதையாக எழுதச் சொன்னார் டாக்டர். அக்காவுக்குப் பேனா ஓடவில்லை. எதையும் எண் போட்டுச் சரிபார்க்கிறவள். முதல் வருஷக் குறிப்பேட்டில் ஒரு வரி மூன்று நாளாய் அவளை உறுத்திக்கொண்டிருந்தது: கடலோரம் ஆடிப் போகையில் கடல் வலப்பக்கம். இப்போதோ எல்லோருக்கும் இடப்பக்கம்.

அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அந்தக் காலத்தில் கடல் அந்தப் பக்கம் இருந்ததோ என்னவோ என்று மைத்துனர் கிண்டலடித்தார். புல்தரைக்காரர் மட்டும் எழுந்து நின்றார்.

"அக்கா, பதினொண்ணுகிட்ட இருக்கிற மூணு மணல் பள்ளமும் வர்ற பந்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டுதான் நிக்குது. நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து ஒரு பந்துகூட உள்ள விழுந்ததில்ல."

பந்தைச் சிக்கவைக்கும் பள்ளங்கள் அல்ல, காற்றுக்கு ஆடுகள் ஒதுங்க வெட்டியவை என்று சங்கம் அங்கே பலகையே நட்டிருந்தது. ஒரு ஆடும் வராத பள்ளங்களை அவர் வாராவாரம் சீவிச் சமன் செய்துவந்தார்.

எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்துப் பார்த்துவிடுவதென்று நால்வரும் கிளம்பினார்கள். டாக்டர் பன்னிரண்டாவது குழியருகே நின்று, தலைகீழாக, பதினொன்றைப் பார்த்து அடித்தார். பந்து நன்றாகத்தான் போனது. புல்லில் இரண்டு முறை குதித்தது, உருண்டது, நடுப்பள்ளத்துக்குள் பொத்தென்று விழுந்தது.

"ஆடு தப்பிச்சுது, அத்தான். நீங்க மாட்டிக்கிட்டீங்க," என்றார் மைத்துனர்.

பந்தை மணலிலிருந்து வெளியேற்ற டாக்டர் ஐந்து முறை அடிக்க வேண்டியிருந்தது. மணலில் விழுந்ததற்காக அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தார்கள். அங்கிருந்து பத்தாவது குழிக்கு அடித்தார்கள். தொலைந்த மேடை வழியில் தேவைப்படவேயில்லை. முதலில் ஆடியவர்கள் இந்தத் திசையில்தான் ஆடியிருக்கிறார்கள். நடுவில் யாரோ ஆட்டத்தைத் திருப்பிவிட, பள்ளங்கள் மட்டும் திரும்பவில்லை.

மீதிக் குழிகளையும் பின்னாலிருந்து முன்னாக நடந்து பார்த்தார்கள். இரண்டு இடத்தில் புல்லை அகலமாக வெட்ட வேண்டும். பத்து நாளில் முடித்துத் தருவதாகப் புல்தரைக்காரர் ஒப்புக்கொண்டார்.

அக்கா நின்றபடியே எழுதினாள். ஒன்று: பதினெட்டுக் குழியும் ஆடலாம். இரண்டு: முதல் வருஷத்துத் திசையில். மூன்றாவதை எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

"ஒத்துக்குவாங்களாக்கா?" என்று கேட்டார் புல்தரைக்காரர்.

"நேர்ல வந்து ஒரு தடவை விழுந்து பாக்கச் சொல்லியிருக்கேன்."

உறையின் ஓரத்தில் பசை தடவி, இரண்டு முறை அழுத்தினாள். தபால் வண்டி வாசலுக்கு வந்திருந்தது. ஓட்டுநர் கையிலேயே கொடுத்தாள்.