மைனா படித்த பாடம்

இருளம்மாள் கூண்டுக்குள் மூன்றாவது கொய்யாத் துண்டை நுழைத்துக்கொண்டிருந்தபோது, பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போன பெண்கள் குடத்தோடு திரும்பி வந்துவிட்டார்கள். வாசலில் பெஞ்சின்மேல் அவள் புருஷன் சீனிச்சாமி பிணமாகக் கிடந்தார். அழ வேண்டியவள் அழாமல் பறவைக்குப் பழம் ஊட்டுவதைக் கண்டு, வந்தவர்கள் ஒப்பாரியைப் பாதியில் நிறுத்தினார்கள்.

"மதினி, குளிப்பாட்டணும். வாங்க," என்றான் கொழுந்தன் கன்னையன்.

"பொறு. இது இன்னும் வாயத் தொறக்கல."

மைனா பழத்தைத் தின்றது. கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தது. பிறகு மதுரை ரயில் போடி ஸ்டேஷனுக்குள் நுழைவதுபோல நீளமாக ஊதியது.

காதோரம் மஞ்சள் தோல் தொங்கும் மலை மைனா அது. அது ரயில்போல ஊதினால் தெருவில் பாதிப் பேர் மூட்டையோடு ஸ்டேஷனுக்கு ஓடுவார்கள்; மீதிப் பேர் மதுரையிலிருந்து வரும் விருந்தாளிகளுக்குப் பயந்து கதவைச் சாத்துவார்கள். போடிமெட்டு வளைவில் ஜீப்பு அடிக்கும் ஹாரனை அது அடித்தால் எருமைகள் ஓரமாக ஒதுங்கி நின்று திரும்பிப் பார்க்கும். ஆனால் அதன் உண்மையான சோலி வேறு. ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவே தூது போனது அதுதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இருளம்மாளின் அப்பா குரங்கணியில் செத்துப்போனார். மருமகன் கோடித்துணியோடு வந்து நிற்க வேண்டும். மருமகனோ ஏலத்தோட்டத்துக்கு மேலே காட்டில் இருந்தார். சாவுச் சேதியைக் கேதம் சொல்லப் போனவன் தொண்டை கட்டும்வரை அவர் பேரைக் கூவித் திரிந்தான். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் சீனிச்சாமி வந்து சேர்ந்தார். கையில் கோடி இல்லை. துண்டுக்குள் ஒரு மைனாக் குஞ்சு இருந்தது. கூப்பிட்ட சத்தம் காதில் விழுந்ததாம். மைனாதான் மனுசன் மாதிரிக் கத்துகிறது என்று நினைத்து, அந்த மைனாவைத் தேடி மரம் மரமாக ஏறி இறங்கினாராம்.

"எங்கப்பன் செத்த சேதி ஒங்களுக்கு மைனாக் கத்துனதாத் தெரிஞ்சிருக்கு," என்றாள் இருளம்மாள். "இனிமே அதுகிட்டயே பேசிக்கிருங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் சொன்ன எதையும் கேட்டறியாத சீனிச்சாமி, இதை மட்டும் கேட்டார்.

"மைனா, சோறு போடச் சொல்லு," என்பார்.

"மைனா, கை இருந்தா அவரையே போட்டுக்கிடச் சொல்லு," என்பாள்.

பத்தே மாதத்தில் மைனா அவர் குரலில் கேட்டு, அவள் குரலில் ஏசி, இரண்டு பேரும் வீட்டில் இல்லாத நேரத்திலும் குடும்பம் நடத்தத் தொடங்கியது.

இந்த ஐம்பத்தேழாம் வருஷத்து ஐப்பசியில் இருளம்மாள் ஏலக்காய் எடுப்புக்காக மலைக்குப் போய் இருபது நாள் தங்கிவிட்டாள். இன்று காலை கேதம் வந்து, ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்பில் மூட்டைமேல் உட்கார்ந்து இறங்கினாள். வாசலில் கால் வைத்ததும் பக்கத்து வீட்டுக் கருத்தம்மா கட்டிப்பிடித்து அழுதபடியே காதில் சொன்னாள்:

"நீ போன நாள்லருந்து கூண்ட மூடிவச்சு அதுக்கு ஒரே பாடமாச் சொல்லிக்குடுத்தாருத்தா. 'மன்னிச்சிரு, மன்னிச்சிரு'ன்னு. ஒன்கிட்டச் சொல்லத்தான்."

இருளம்மாளுக்கு வந்த அழுகை நெஞ்சிலேயே நின்றுபோனது. கூண்டை எடுத்து மடியில் வைத்தவள்தான், இன்னும் இறக்கவில்லை.

"அது மன்னிச்சிரு இல்ல மதினி. மண்ணெண்ண," என்றான் கன்னையன். "'மண்ணெண்ண வாங்கிட்டு வந்துரு'. அம்புட்டுத்தேன். எனக்குச் சொல்றதுக்கு."

"அடுத்த வீட்டுல இருக்கவனுக்கு வாயால சொல்ல மாட்டாராக்கும்?" என்றாள் இருளம்மாள்.

"அண்ணனுக்குத்தேன் யார்கிட்டயும் நேராப் பேசுற பழக்கமே விட்டுப்போச்சே."

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பெண்கள் மன்னிச்சிரு பக்கம், ஆண்கள் மண்ணெண்ணெய் பக்கம். மேளக்காரர்கள் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கூண்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். இருளம்மாள் கூண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டே புருஷன் தலையில் தண்ணீர் ஊற்றினாள். அவரைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் அது என்ன வார்த்தை என்று தெரிந்துவிட வேண்டும். தெரியாவிட்டால் எதற்கு அழுவது என்றே தெரியாது.

வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது மைனா தொண்டையைச் சரி செய்தது.

"மன்..."

சீனிச்சாமியின் குரல். மன்னா, மண்ணா என்று பிரிக்க முடியவில்லை.

"...கொர், கொர், கொர்..."

சளி கட்டிய இருமல். அச்சாக அவருடையது. பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "மெல்ல, மெல்ல," என்று பிணத்தின் நெஞ்சைத் தடவக் கையை நீட்டிவிட்டுச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"...ரு."

"திரும்பச் சொல்லு," என்றாள் இருளம்மாள்.

"மன்... கொர், கொர், கொர்... ரு."

பதினோரு தடவை சொன்னது. சொல்லிக்கொடுத்த போதெல்லாம் அவருக்கு நடுவில் இருமல் வந்திருக்கிறது. மைனா நல்ல மாணாக்கன். ஒரு இருமலைக்கூட விடாமல் படித்திருந்தது.

"கேட்டியா, மன்னிச்சிருதான்," என்றாள் கருத்தம்மா.

"வந்துருன்னுல்ல முடியுது," என்றான் கன்னையன். ஆனால் அவன் குரலிலும் பழைய உறுதி இல்லை.

இருளம்மாள் கூண்டையும் புருஷன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கக்கூடிய மனுசன்தான். இருபது நாள் உயிரைக் கொடுத்து ஒரு பறவைக்கு மண்ணெண்ணெய் சொல்லிக்கொடுக்கக்கூடிய மனுசனும் அவரேதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கூண்டைத் தரையில் வைத்தாள். அரிசியை அள்ளிக்கொண்டு குனிந்தாள்.

"இந்தாங்க."

கூட்டம் முழுக்கக் கூண்டைப் பார்த்தது. மைனாவும், என்ன சொல்லப்போகிறாள் என்று கழுத்தைச் சாய்த்துக்கொண்டு கம்பி ஓரமாக வந்து நின்றது.

"ஒங்களத்தான்," என்றாள் இருளம்மாள், சீனிச்சாமியின் முகத்துக்கு நேராக. "என்ன சொன்னீங்க? சரியாக் கேக்கல."

கை நிறைய அரிசியோடு, காதை அவர் வாயருகே கொண்டுபோனாள். மேளக்காரர்களில் ஒருவன் குச்சியை எடுத்தான். கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கன்னையன் கையைக் காட்டினான்.