துடைக்காத எண்ணெய்

ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே சைக்கிள். அந்த வீட்டில் இரண்டு ஓரகத்திகள். மூன்று மாதமாக ஒருத்தியோடு ஒருத்திக்குப் பேச்சு கிடையாது. பிறகு எப்படிக் காலம் தள்ளினார்கள் என்று கேட்பீர்கள். சுவர் எதற்கு இருக்கிறது? பின்சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறது என்று மூத்தவள் சுவரிடம் சொல்வாள். அடித்தாயிற்று என்று இளையவள் பாத்திரத்திடம் சொல்வாள். அண்ணனும் தம்பியும் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார்கள். இரண்டு பேரும் சரக்கு வண்டி ஓட்டுகிறவர்கள். ரோட்டில் எது குறுக்கே வந்தாலும் சமாளிக்கத் தெரியும், வீட்டில் இந்த இரண்டு பேருக்கு நடுவே புகுந்து ஒரு வார்த்தை சொல்ல மட்டும் துணிச்சல் இல்லை.

மூத்தவளுக்கு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டுக்கு முடியும். இளையவள் பேக்கரியில் பாக்கெட் போடுகிறாள். அவளுக்கு மூன்று மணிக்கு வேலை. இரண்டரைக்கு மூத்தவள் வந்து சைக்கிளை நடையில் நிறுத்திச் சாவியை ஆணியில் மாட்டுவாள், இளையவள் அதை எடுத்துக்கொண்டு கிளம்புவாள். முன்பெல்லாம் சாவி கையிலிருந்து கைக்கு மாறும், கூடவே நாலு வார்த்தையும் மாறும்.

இளையவளை வீட்டில் எல்லோரும் குடுக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அவசரக்குடுக்கை என்று முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுத்த அறைக்குப் போயிருப்பாள் என்பதால் பாதியை விட்டுவிட்டார்கள். கையும் அவசரம், காலும் அவசரம், எல்லாவற்றுக்கும் மேலே வாய் அவசரம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு நாள் கூடப் பிறந்த தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள், இந்த வீட்டில் தும்ம வேண்டுமென்றாலும் பெரியவங்களிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லிச் சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் ஈரத்துணிக் கூடையோடு மூத்தவள் நிற்கிறாள். மூத்தவள் சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். அவள் ஒவ்வொரு துணியாக உதறிக் காயப்போட்டு, கிளிப் மாட்டி, காலிக் கூடையோடு உள்ளே போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது.

குடுக்கையின் மனசை அறுத்தது என்னவென்றால், முன்பு ஒரு தடவை அவள் காய்ச்சலில் கிடந்த பதினோரு நாளும் மூத்தவள்தான் சலவை வேலை முடித்த கையோடு பேக்கரிக்குப் போய் இவளுக்குப் பதிலாக நின்றவள். இல்லாவிட்டால் இவள் வேலை அப்போதே போயிருக்கும். அப்படிப்பட்டவளைத்தான் தும்மல் கணக்கில் சேர்த்துவிட்டாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நூறு தடவை வாயெடுத்தாள். மூத்தவளின் முதுகைப் பார்த்ததும் நூறு தடவையும் அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

இதற்கிடையில் மூத்தவளின் கணவர் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பார்த்துவிட்டார். இரண்டு அறை, தனி வாசல். வருகிற ஞாயிற்றுக்கிழமை சரியா வேண்டாமா என்று அந்த வீட்டின் சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டும். மூத்தவள் சரி என்றால் சரி. இந்தச் சேதியைத் தன் கணவன் வாயால் கேட்டதிலிருந்து குடுக்கைக்குச் சோறு இறங்கவில்லை. மூத்தவள் இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அந்த வாரம்தான் மூத்தவளுக்கு நேர்முகத் தேர்வும் வந்தது. சலவைப் பிரிவுக்குத் தலைமை வேலை, பத்து வருஷமாக அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சீருடையில்தான் வர வேண்டும் என்று உத்தரவு. முதல் நாள் மதியம் அவள் வீடு வந்து சேர்ந்தபோது கையெல்லாம் கருப்பு. ஆஸ்பத்திரி மேட்டில் இருக்கிறது, அந்த மேட்டில் செயின் இரண்டு தடவை கழன்றுவிட்டதாம். குழாயடியில் கை கழுவிக்கொண்டே குழாயிடம் சொன்னாள், நாளைக்கு ஒன்பது மணிக்கு வேர்த்து விறுவிறுத்துப்போய்த்தான் அவர்கள் முன்னால் நிற்க வேண்டும் போல என்று. பிறகு தலைவலி என்று போய்ப் படுத்துவிட்டாள்.

குடுக்கைக்கு அன்று வார விடுமுறை. குழாய்க்குச் சொன்ன சேதியை அவள் எடுத்துக்கொண்டாள். வாயால் கேட்க முடியாத மன்னிப்பைக் கையால் கேட்டுவிடலாம் என்று தோன்றிய மாத்திரத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை சைக்கிள் கடைக்கு ஓடினாள். கடைக்காரர் நிதானமான மனுஷர். ஒரு டயரை நீவிக்கொண்டே விவரம் சொன்னார். முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து அழுக்கை எடுக்கணும். நன்றாகக் காயவிடணும். அப்புறம் கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய், அது உள்ளே இறங்கக் கொஞ்ச நேரம், அதற்கப்புறம், என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே குடுக்கை எண்ணெய் டப்பாவை வாங்கிக்கொண்டு தெருவில் பாதி தூரம் வந்திருந்தாள்.

பின்கட்டில் ஒரு சாக்கை விரித்துச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினாள். செயின் கவர் எப்போதோ உடைந்து கழற்றிப் போட்டாயிற்று, அதனால் செயின் முழுசாகக் கண்ணுக்குத் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. பழைய எண்ணெயும் ரோட்டு மண்ணும் சேர்ந்து கண்ணிக்குக் கண்ணி காய்ந்து இறுகிக் கிடந்தது. நடுநடுவே துரு. இதை மிதித்துக்கொண்டா இத்தனை நாள் இரண்டு பேரும் மேடு ஏறினோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

எங்கே ஆரம்பித்தோம் என்று தெரிய வேண்டுமே, அதற்காக ஒரு கண்ணியில் நகப்பாலிஷால் புள்ளி வைத்துக்கொண்டாள். ஒரு டப்பா மூடியில் மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்று. இடது கையால் பெடலை மெல்லச் சுற்றி, நாலு கண்ணி தேய்ப்பாள், சுற்றுவாள், அடுத்த நாலு. மேல் பக்கம், கீழ்ப் பக்கம், இரண்டு ஓரம். கருப்புக் குழம்பு சாக்கில் சொட்டியது. புள்ளி சுற்றி வந்ததும் மறுபடி முதலிலிருந்து. மூன்று சுற்று. பின்சக்கரத்துப் பற்களுக்கு இடையில் துணிக்கிழியை விட்டு இழுத்து இழுத்து எடுத்தாள். ஒரு வேலையில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் அவள் உட்கார்ந்ததே அந்த வீட்டில் யாரும் பார்த்திராத அதிசயம். வெயிலில் செயின் காய்ந்தபோது உள்ளேயிருந்த இரும்பின் நிறம் வெளியே வந்திருந்தது.

அடுத்து எண்ணெய். கண்ணிக்கு ஒரு சொட்டு என்று பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். புள்ளி வரைக்கும் வந்தாள். பெடலைச் சுற்றிப் பார்த்தால் சக்கரம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. டப்பாவில் பாதிக்கு மேல் மிச்சம். நாளைக்கு அக்காவுக்கு எவ்வளவு பெரிய நாள், இதில் என்ன கஞ்சத்தனம் என்று மிச்சத்தையும் செயின்மேல் ஊற்றிவிட்டாள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதெல்லாம் அவளுக்கு எங்கே ஞாபகம் வரப்போகிறது? சைக்கிளை நிமிர்த்தி நடையில் நிறுத்தினாள், சாவியை ஆணியில் மாட்டினாள், கையைக் கழுவினாள். மனசு லேசாக இருந்தது.

மறுநாள் காலை, நேர்முகத்துக்காக வேலைக்கு லீவு போட்டிருந்த மூத்தவள் எட்டேகாலுக்குக் கிளம்பினாள். சீருடை மடிப்புக் கலையாமல் பளிச்சென்று இருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் நின்றாள். சமையலறையிலிருந்து குடுக்கை பார்த்தாள். மூத்தவள் திரும்பவில்லை. ஏறி மிதித்துப் போய்விட்டாள், சத்தமே இல்லை.

பத்து மணிக்கு நடையைப் பெருக்க வந்த குடுக்கை, சைக்கிள் நின்ற இடத்தில் தரையில் கருப்பாக ஒரு கோடு சொட்டியிருப்பதைப் பார்த்தாள். மூத்தவள் ஏறி மிதித்த இடத்தில் கேட்டுச் சுவரின் கீழ்ப் பக்கம் பொடிப்பொடியாகத் தெறித்திருந்தது, கணுக்காலுக்குச் சற்று மேலே, சரியாகக் கால்சட்டை இருக்கும் உயரத்தில். துடைப்பத்தை அப்படியே போட்டுவிட்டுக் கடைக்காரரிடம் ஓடினாள். கடைசியில் காய்ந்த துணியால் வெளி எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தாயா என்று கேட்டார் அவர். உள்ளே இறங்கியதுதான் வேலை செய்யும், வெளியே நிற்பது தெறிக்கத்தான் செய்யும், அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன், நீதான் நிற்கவில்லையே என்றார். கணவனுக்குப் போன் போட்டாள். உனக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று அவன் வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கவே வேண்டாம், இன்றைக்கே மூட்டை கட்டிவிடுவார்கள் என்று குடுக்கை முடிவு செய்துகொண்டாள்.

மூத்தவள் பன்னிரண்டு மணிக்கு வந்தாள். வலது காலில் முட்டி வரைக்கும் கரும்புள்ளி, கணுக்காலில் பல்சக்கரம் பதிந்த மாதிரி ஒரு பட்டை. உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு, அந்தக் கால்சட்டையோடு குழாயடிக்கு வந்து உட்கார்ந்தாள். மடியில் விரித்து, கறைமேல் சாக்பீஸ் தூளைத் தூவினாள். எண்ணெய்க் கறையில் முதலில் தண்ணீர் படக்கூடாது என்று குழாயிடம் சொன்னாள்.

குடுக்கைக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "அக்கா, குழாய்கிட்ட பேசாதீங்க. என்னைப் பாத்துத் திட்டுங்க. நான் வேணும்னு செய்யல."

"தெரியும்" என்றாள் மூத்தவள். மூன்று மாதத்தில் அவள் நேராகப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அப்புறம் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள். "நேத்து நான் தூங்கல. ஜன்னல் வழியா உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன். மூணு சுத்து தேய்ச்சதையும் பாத்தேன், மிச்ச எண்ணெயை ஊத்துனதையும் பாத்தேன், துடைக்காம எழுந்து போனதையும் பாத்தேன். பதினஞ்சு வருஷமா சைக்கிள் மிதிக்கிறேன், எனக்குத் தெரியாதா? துடைடின்னு ஒரு வார்த்தை. வாய் வரைக்கும் வந்துச்சு. நான் ஏன் முதல்ல பேசணும்னு முழுங்கிட்டேன்."

காலையில் நீங்களே துடைத்திருக்கலாமே என்று குடுக்கை ஈனஸ்வரத்தில் கேட்டாள். கேட்டுக்குப் பக்கத்தில் நின்றபோது அதைத்தான் நினைத்தாளாம் மூத்தவள். துடைத்தால் இவள் செய்ததை ஏற்றுக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே என்று ஒரு வீம்பு. கொஞ்சம்தானே தெறிக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்று ஏறிவிட்டாள். மேடு ஏறி முடிக்கும்போது ஒரு பொட்டு வேர்வை இல்லை, கீழே குனிந்து பார்த்தால் கால்தான் இந்த லட்சணத்தில் இருந்தது. உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊர்த் துணியின் அழுக்கையெல்லாம் எடுக்கிற பிரிவுக்குத் தலைமை கேட்கிறீர்கள், இது என்ன என்று ஒருவர் கேட்டார். என் கவனக்குறைவு என்று சொன்னாளாம். பதினோரு மணிக்கு வேறு ஒருத்தியின் பெயரை எழுதி ஒட்டிவிட்டார்கள்.

குடுக்கை அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். மூத்தவள் தேற்றவில்லை. பாத்திரம் கழுவும் சோப்பைக் கறையில் வைத்து விரலால் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலைமை வேலை கைவிட்டுப் போனதில் அவளுக்கும் வலி இருந்தது, அதை மறைக்கவும் இல்லை.

"அன்னைக்கு போன்ல நான் பேசினது தப்புக்கா" என்றாள் குடுக்கை.

"தப்புதான். நான் அதிகாரம் பண்றதும் நிஜம்தான்."

குடுக்கை மூக்கைத் துடைத்துக்கொண்டு, கேட்கவே பயமாக இருந்ததைக் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை அந்த வீட்டுக்குச் சரின்னு சொல்லப் போறீங்களா?"

மூத்தவள் கையை நிறுத்தினாள். "வர்ற வழியிலயே அவருக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேன். பின்கட்டுல உக்காந்திருக்கிறவகிட்ட ஒரு வார்த்தை பேசாததுக்கே எனக்கு ஒரு வேலை போச்சு. பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிட்டா இன்னும் என்னென்ன போகுமோ, யாருக்குத் தெரியும்?"

பிறகு உலர்ந்த துணி ஏதாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னாள். சைக்கிளைச் சாக்கின்மேல் கவிழ்த்தார்கள். மூத்தவள் பெடலைப் பின்பக்கமாகச் சுற்றினாள், குடுக்கை செயினைத் துணியால் கவ்விப் பிடித்தாள். அழுத்திப் பிடிக்க வேண்டாம், சும்மா பிடித்தாலே போதும் என்று மூத்தவள் அதிகாரம் பண்ணினாள், குடுக்கை சரி சரி என்றாள். துணியில் கருப்பு ஏறிக்கொண்டே வந்தது. நாலு துணி ஆன பிறகுதான் ஐந்தாவது துணி கொஞ்சம் வெள்ளையாக நின்றது.

குடுக்கை அன்றைக்குப் பேக்கரிக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனாள். ஏன் என்று மேலாளர் கேட்டார். வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம் என்றாள்.